‘உ’ன்னா உயிர் இல்லீங்க

அட, அந்தப் பித்தளை வட்டத்தை ஏனுங்க திருப்பறீங்க? கைய எடுங்க மொதல்ல. உள்ள போயி டீ வெக்கச் சொல்லிப்போட்டு வர்றதுக்குள்ள நாப்பதையும் திருப்பிப்போட்டீங்களா? நாப்பதும் எட்டுலயா? எட்டுன்னா என்னன்னு தெரியுமுங்களா? செத்துப்போச்சுன்னு அர்த்தம். பீரங்கி, குதிரை, ஆனை, என்ற படை மொத்தத்தையும் ஒரு டீ கொதிக்கற நேரத்துல கொன்னுபோட்டு உக்காந்திருக்கறீங்க.

சரி, உக்காருங்க. ஊட்டுக்கு வந்தவரை வையக் கூடாது. சில பேருக்குக் கை சும்மா இருக்காது. எங்க பம்ப்செட் கம்பெனியிலயும் அப்படித்தான், அளவு பாக்கற சாமான் மேசை மேல இருந்தாப் போதும், வர்றவன் போறவன் எல்லாம் ஒரு திருகு திருகிப்போட்டுப் போவான். ஆனா அந்தப் பெரிய ஆனையோடதை மட்டும் நீங்க தொட்டிருக்க வேண்டாமுங்க. நாலு மாசமா அது ரெண்டுல நின்னுச்சு. தூசி தட்டறப்பக்கூட நான் அதைத் திருப்பலை. போகட்டும் விடுங்க, விக்கறதுன்னு ஆனதுக்கப்பறம் என்ன.

விளம்பரத்துல என்னன்னு போட்டிருந்தேன்? மேசைப்போர் பொம்மைப் படை, கையால வண்ணம் அடிச்சது, அடி வட்டங்களோட சேர்த்து, மொத்தமா மட்டும். மொத்தமான்னா மொத்தமாத்தானுங்க. சிப்பாயும் ஆனையும் போதும், இந்தப் பித்தளை வேண்டாமுங்கற பேச்செல்லாம் இங்க ஆகாது. இந்தப் பித்தளைதான் மொதல்ல இந்த ஊட்டை விட்டுப் போகோணும். ஈரோட்டுல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறீங்க, ஏன் விக்கறேன்னு கேக்க உங்களுக்கு நாயம் இருக்குது. கேக்கலையா? கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

ஆவாரம்பாளையத்துல ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரு ஹாலு. ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குக் கூடுவோம், மொத்தம் பன்னெண்டு பேரு. அருள்தாஸ் சார்னு ஒருத்தரு, காலேஜ்ல பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவரு. ஹாலும் அவரோடது, சட்டப் புஸ்தகமும் அவரு எழுதினது. ரெண்டு டேபிள் டென்னிஸ் மேசையச் சேத்துப் போட்டு, பச்சைத் துணி விரிச்சு, தெர்மாகோல்ல மலை, ஆறு, தோப்பு, கோட்டை எல்லாம் செஞ்சு வெச்சிருப்போம். பாளையக்காரன் படை ஒரு பக்கம், வெள்ளைக்காரன் படை ஒரு பக்கம். பகடை உருட்டி அடிக்கோணும். ஆனையோ பீரங்கியோ, பெரிய சாமான் ஒவ்வொண்ணும் எட்டு அடி தாங்கும். எட்டாவது அடி விழுந்தா மேசையை விட்டு எடுத்தரோணும். நீங்க ஆடறவரு, உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

எத்தனை அடி வாங்குச்சுன்னு நெனப்பு வெக்கறதுதான் அங்க ஓயாத சண்டை. ஒருத்தன் பக்கத்துல புளியங்கொட்டை வெப்பான். ஒருத்தன் சீட்டு எழுதி வெப்பான், ஃபேன் போட்டா அது ஆத்துக்கு அந்தப்பக்கம் போயிரும். ஒருத்தன் பகடையவே வெப்பான், அதை இன்னொருத்தன் எடுத்து உருட்டிப்போடுவான். என்ற மச்சினன் இருக்கறானே, அவன் பொட்டுக்கடலை வெப்பானுங்க! நாலு அடி வாங்கின பீரங்கி பத்து நிமிசம் கழிச்சுப் பாத்தா ஒரு அடிதான் வாங்கியிருக்கும். மூணைத் தின்னுபோட்டான். கேட்டா, “பசிச்சுது மாமா”ம்பான். ஹாலே சிரிக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

மச்சினன்னா என்ற சம்சாரம் மரகதத்தோட தம்பி, சென்னியப்பன். இருபது வருசமா ஞாயித்துக்கெழமையானா வண்டியோட வாசல்ல வந்து நிப்பான். நான் பின்னால ஏறிக்குவேன். ஆட்டம் முடிஞ்சு இங்கயே வந்து கறிச்சோறு தின்னுபோட்டு, இதா நீங்க உக்காந்திருக்கற இந்த சோபாவுலதான் தூங்குவான். கால் அந்தக் கைப்பிடி மேல கெடக்கும். துணியெல்லாம் அழுக்கு. இப்ப அந்தத் தொந்தரவு இல்லீங்க. நிம்மதியா இருக்குது. சோபா சுத்தமா இருக்குது பாருங்க.

நான் இன்ஸ்பெக்சன்ல இருபத்தாறு வருசம். கடைசல் போட்டு வர்ற பம்ப்புத் தண்டை, அளவு காட்டற டயல் கேஜ்ல வெச்சுப் பாத்து, ஆகும், ஆகாதுன்னு சொல்றவன். நான் ஆகாதுன்னா ஆகாது. முதலாளியே வந்து நின்னாலும் ஆகாது. இருபத்தாறு வருசத்துல நான் பாத்து அனுப்பின அளவு ஒண்ணுகூடத் தப்புன்னு திரும்பி வந்ததில்லீங்க. ஒண்ணு வந்துச்சு, ஆனா அது அவங்க கேஜு சரியில்ல.

அப்படிப்பட்ட ஆளு பொட்டுக்கடலையப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு இருப்பான்? அதான் இந்த அடி வட்டம் செஞ்சேன். கையில எடுத்துப் பாருங்க. பாருங்க, திருப்பாதீங்க. ரெண்டு பித்தளை வட்டம், நடுவுல ஒரு ரிவிட்டு. மேல் வட்டத்துல சின்னதா ஒரு சன்னல். அடியில இருக்கறதைத் திருப்புனா சன்னல்ல நம்பர் மாறும், சைபர்ல இருந்து எட்டு வரைக்கும். காத்துல பறக்காது, சட்டைக் கை பட்டாலும் நகராது, பசிச்சாலும் திங்க முடியாது.

பித்தளை அவன் குடுத்ததுதானுங்க, சென்னியப்பன். சோமனூர்ல பதினாறு தறி வெச்சிருந்தான். ஓட்ட முடியாம எடைக்குப் போட்டப்ப, ஒவ்வொரு தறியிலயும் இருந்த பித்தளைப் பேர்த்தகட்டை மட்டும் கழட்டிக் கொண்டாந்து, “மாமா, இதை எடைக்குப் போட மனசு வர்லை, நீங்க எதாச்சும் செஞ்சுக்குங்க”ன்னான். நல்ல கனமான தகடு. நானும் வட்ட வட்டமா வெட்டிக்கிட்டேன். சில வட்டத்துக்குப் பின்னால தறி நம்பர் பாதி தெரியும்.

அப்பறம் அந்த எழுத்து. சன்னலுக்கு மேல இருக்குது பாருங்க, ‘உ’. தகட்டுல நம்பர் குத்தற இரும்பு அச்சு கடையில கெடைக்கும், ‘உ’வுக்குக் கெடைக்காது. ஒடைஞ்ச டிரில் பிட்டைத் தீட்டித் தீட்டி நானே அச்சு செஞ்சேன், ரெண்டு நாளாச்சு. ஒரு வேலையத் தொடங்கினா மொதல்ல பிள்ளையார் சுழி போடோணும். கல்யாணப் பத்திரிகையில போடறோம், மளிகைச் சீட்டுல போடறோம், இதுலயும் போட்டேன். நாப்பதுலயும் போட்டேன். அது பிள்ளையார் சுழின்னு ஆருக்குங்க தெரியாது? அதுக்கு ஒரு நோட்டீஸ் அடிச்சுப் பக்கத்துல ஒட்டோணுமா?

சைபர்ல தொடங்கும். ஒரு அடி வாங்கினா ஒண்ணு, ரெண்டு வாங்கினா ரெண்டு. எங்க தொழில்ல எல்லாமே சைபர்ல இருந்துதானுங்க. தேய்மானம் எவ்வளவு, அதான் கேள்வி. மிச்சம் எவ்வளவுன்னு ஒரு இன்ஸ்பெக்டரும் கேக்க மாட்டான்.

ஆளுக்கு மூணு, நாலுன்னு குடுத்தேன், ஆட்டம் முடிஞ்சாத் திரும்பி என்ற பொட்டிக்கே வந்துரும். எல்லாரும் வாயப் பொளந்தாங்க. அருள்தாஸ் சார் தூக்கிப் பாத்து, “தெய்வசிகாமணி, இது வெளிநாட்டுல கூடக் கெடைக்காதுய்யா”ன்னாரு. அந்த வருசம் பூரா இந்த வட்டத்துலதான் ஆடினோம். ஒரு சண்டையும் வர்லை. எங்க சட்டப்படி அடுத்தவன் சாமானை ஆரும் தொடக் கூடாது. அடிச்சவன் “மூணு”ன்னு சத்தமாச் சொல்லுவான், வாங்கினவன் அவனவன் வட்டத்தை அவனே திருப்பிக்குவான். எவன் எப்புடித் திருப்புறான்னு நான் போயி எட்டிப் பாக்கறதில்ல. அது மரியாதை இல்ல பாருங்க.

டீ எடுத்துக்குங்க. சர்க்கரை போதுமுங்களா? மரகதம், அந்த முறுக்கு இருந்தாக் கொண்டா.

இப்பக் கேளுங்க. ஆவணியில வருசக் கடைசி ஆட்டம். அது மட்டும் ஜோடி ஜோடியா ஆடறது. நானும் சென்னியப்பனும் ஒரு ஜோடி, எதுத்தாப்புல சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் வேலை பாக்கற ரெண்டு பேரு. ஆறு வருசமா எங்க கைக்கு வராத கோப்பைங்க அது. நாங்க பாளையக்காரன். கோட்டை வாசல்ல என்ற ரெண்டு ஆனை. பெரிய ஆனை ரெண்டு அடிதான் வாங்கியிருந்துச்சு, இன்னும் ஆறு அடி தாங்கும். சின்ன ஆனை ஆறு அடி வாங்கிச் சாகக் கெடந்துச்சு. வட்டத்துல ரெண்டு, ஆறுன்னு தெளிவா நிக்குது. இன்னும் ரெண்டே சுத்து. வாசலைப் புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும், கோப்பை எங்களுக்கு.

அப்பப் பாத்து போன். சம்மந்தி ஊட்ல இருந்து, மண்டபம் புடிக்கறதைப் பத்தி. என்ற பொண்ணு தாரணிக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம், எடுக்காம இருக்க முடியுமா? ஹால்ல ஒரே எரைச்சல். “மாப்ள, ரெண்டு சுத்து நீயே பாத்துக்க, ஆனையப் பத்தரமா வெச்சுக்க”ன்னு சொல்லிப்போட்டுப் படியிறங்கிப் போனேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

வந்து பாக்கறேன். வாசல் போச்சு. கோட்டை போச்சு. எதுத்தாப்புல இருக்கற ரெண்டு பேரும் கையைக் குலுக்கிக்கிட்டு நிக்கறாங்க. சின்ன ஆனையக் காணோம், செத்துப் பொட்டிக்குப் போயிருச்சு. பெரிய ஆனை எங்க? தென்னந்தோப்புக்குப் பின்னால, பத்தரமா, ஒரு சேதாரமும் இல்லாம நிக்குது! ஆறு அடி தாங்கறதைக் கொண்டு போயி ஒளிச்சு வெச்சுப்போட்டு, சாகக் கெடந்ததை வாசலுக்கு அனுப்பியிருக்கறான்.

“என்னடா பண்ணி வெச்சிருக்கறே”ன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். “பெரிய ஆனைக்கு உயிர் ரெண்டுதானே மாமா இருந்துச்சு, பத்தரமா வெக்கச் சொன்னீங்களேன்னு பின்னால கொண்டு போனேன். சின்னதுக்கு ஆறு இருந்துச்சு, அதான் வாசல்ல நிறுத்தினேன்”ங்கறான்.

உயிராம்! எவன்டா உயிர்னு சொன்னான்? “அதான் ‘உ’ன்னு போட்டிருக்கறீங்களே மாமா. ‘உ’ன்னா உயிர் இல்லீங்களா?”

அப்ப அருள்தாஸ் சார் ஒரு காரியம் பண்ணினாரு பாருங்க, அதை நான் மறக்க மாட்டேன். “இருங்கப்பா, ‘உ’ன்னா உயிர்னு நெனச்சு எட்டுல இருந்து கொறைச்சுக்கிட்டு வந்தவங்க கை தூக்குங்க”ன்னாரு. பதினோரு பேர் கை தூக்கினாங்க. அவரும் தூக்கினாரு. ஒரு வருசமா பதினோரு பேரு தப்பாத் திருப்பியிருக்கறாங்க! நான் ஒருத்தன்தான் சரி. படிச்சவங்க, கம்ப்யூட்டர் ஓட்டறவங்க, காலேஜ் வாத்தியாரு. பிள்ளையார் சுழி தெரியலைங்க ஒருத்தனுக்கும்.

சென்னியப்பன் அப்பவும் சிரிச்சான். “மாமா, பிள்ளையாரு நம்மளைக் கவுத்துப்போட்டாரு”ன்னான். ஹாலே சிரிச்சுது. எனக்குப் பொறுக்கலைங்க. ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. “உன்ற பதினாறு தறியும் இப்புடித்தானடா போச்சு, எது ஓடுது, எது நிக்குதுன்னு தெரியாமயே”ன்னேன். அவ்வளவுதான். கோவத்துல ஆரும் சொல்றதுதான.

அவன் சட்டை ஜோப்புல இருந்த பொட்டுக்கடலைப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல வெச்சான். பெரிய ஆனைக்குப் பக்கத்துல வெச்சான். படியிறங்கினான், வண்டிய எடுத்தான், போயிட்டான். நான் அவன் வண்டியில வந்தவனுங்க! என்னை அப்புடியே விட்டுப்போட்டுப் போயிட்டான். அந்த ஆனை, குதிரைப் பொட்டியத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்து சேந்தேன். அதை இந்த ஊட்ல ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. நான் சொன்ன ஒரு வார்த்தையத்தான் பேசறாங்க. ரெண்டு பஸ்ஸப் பத்தி ஒரு பேச்சுக் கெடையாது.

அதுக்கப்பறம் நான் ஹாலுக்குப் போகலை. அருள்தாஸ் சார் மூணு தடவை கூப்புட்டாரு. எடுக்கலை. நாலாவது தடவை கூப்புட்டா எடுக்கலாம்னு இருந்தேன், அவரு கூப்புடலை. பாத்தீங்களா, ஆளுங்க எப்புடின்னு?

இப்ப தை பதினொண்ணுல கல்யாணம். எங்க பக்கம் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டறது தாய்மாமன்தானுங்க. அவன் கட்டாம மணவறையில ஒரு வேலையும் ஓடாது. மொதப் பத்திரிகையும் அவன் ஊட்டுக்குத்தான் போகோணும், நானும் மரகதமும் தட்டத்தோட நேர்ல போயி வெக்கோணும். பத்திரிகை அடிச்சு வந்து பத்து நாளாச்சு. கட்டுப் பிரிக்காம அலமாரி மேல கெடக்குது. மொதல்ல அங்க வெக்காம வேற ஆருக்கும் வெக்க முடியாது. ஊரே கேக்குது, எப்பக் கல்யாணம், எப்பக் கல்யாணம்னு.

அவன் அக்காகிட்டச் சொல்லி அனுப்பியிருக்கறான். என்னன்னு? “மாமா வந்து, வட்டத்தை எப்புடிப் படிக்கறதுன்னு நான் முன்னாலயே சொல்லியிருக்கோணும் மாப்ளன்னு சொல்லட்டும். தறியப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். வட்டத்தைப் பத்தி மட்டும் சொன்னாப் போதும், நான் வந்து பட்டம் கட்டறேன்.” கெட்டிக்காரன் பாருங்க! தறியப் பத்திக் கேட்டிருந்தாக்கூட, ஏதோ கோவம், வாய் தவறிப்போச்சுன்னு சொல்லிப்போடலாம். வட்டத்தைப் பத்தி எப்புடிங்க சொல்றது? அளவு தப்புன்னு ஒத்துக்கச் சொல்றான். என்னை! இன்ஸ்பெக்சன்ல இருபத்தாறு வருசம் இருந்தவனை!

பொண்ணு எங்கிட்டப் பேசறதில்ல. மரகதம் போன வாரம் சொல்லிப்போட்டா. “ஒண்ணு போயி அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்க. இல்லாட்டி இந்த ஆனை, குதிரை, பித்தளை எல்லாம் ஊட்டை விட்டுப் போகோணும். என்ற தம்பி வராத ஊட்ல இதுகளுக்கு என்ன எடம்?”ன்னா. நான் அசருவனுங்களா? ஒரு மணி நேரத்துல விளம்பரம் குடுத்துப்போட்டேன். படைய வித்துருவேன், வார்த்தைய விட மாட்டேன். பட்டத்தை வேற ஆராவது கட்டட்டும். ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தன் காங்கேயத்துல இருக்கறான். குடிப்பான், பரவாயில்ல.

அதனால எடுத்துக்குங்க தம்பி. மொத்தமா எடுத்துக்குங்க. வெலையெல்லாம் பாத்துப் பேசிக்கலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு நீங்க சொல்லிப்போட்டுப் போங்க. நீங்க ஈரோடு, அவனும் தெரியாது, அந்தப் பதினோரு பேரும் தெரியாது. பொதுவான ஆளு. நான் இந்தக் கதையச் சொல்றதுக்கு முன்னால, நீங்களா உக்காந்து இதையெல்லாம் எட்டுல வெச்சீங்களே, சும்மாதான வெச்சீங்க? கை சும்மா இருக்காமத்தான? அதை மட்டும் சொல்லுங்க. மரகதமும் காது குடுத்துக் கேக்கட்டும்.

என்னது?

சத்தமாச் சொல்லுங்க. “புதுசா வாங்கறப்ப”... ம்? “புதுசா வாங்கறப்ப எல்லாத்துக்கும் உயிர் முழுசா இருக்கட்டும்னு வெச்சேன்.”

ஆருங்க உங்களுக்கு உயிர்னு சொன்னது? நானா சொன்னேன்? ‘உ’ன்னு போட்டிருக்குதா? ‘உ’ன்னு போட்டிருந்தா? உங்க ஊர்ல பிள்ளையார் கோயில் இல்லீங்களா? பத்திரிகை அடிக்கறதில்லையா நீங்கெல்லாம்?

மரகதம், உள்ள என்ன சிரிப்பு? சிரிப்பை நிறுத்து.

ஏனுங்க, நெசத்தைச் சொல்லுங்க. சென்னியப்பன் அனுப்பிச்ச ஆளுதான நீங்க? ஈரோடுன்னு சொன்னதெல்லாம் பொய்தான? பஸ் டிக்கெட்டா? எதுக்குங்க டிக்கெட்டைக் காட்டறீங்க, நான் என்ன கண்டக்டரா? எந்திரிங்க. விக்கலை. விக்கலைன்னா விக்கலை. ஒரு சிப்பாய்கூட உங்களுக்குக் கெடையாது. பிள்ளையார் சுழி தெரியாதவனுக்கு என்ற படையக் குடுக்க மாட்டேன். பன்னெண்டாவது ஆளு நீங்க!

இவ எதுக்கு இப்ப வெளிய வர்றா? என்ன அது கையில, தட்டமா? வெத்தலை, பாக்கு, பத்திரிகை, எல்லாம் எப்ப எடுத்து வெச்சே? பொடவைகூட மாத்தியாச்சா? ஏம்புள்ள, நான் போறேன்னு எப்பச் சொன்னேன்? விக்கலைன்னுதான சொன்னேன்? விக்கலைன்னா... சரி. சரி, நீதான் சொன்னே. ரெண்டுல ஒண்ணுன்னு நீ சொன்னே. நான் இல்லைங்கலை. செருப்பை எங்க வெச்சே?

நீங்க இருங்க. எங்க ஓடறீங்க? திருப்பி வெச்சவரு நீங்கதான, அதைச் சரி பண்ணிப்போட்டுப் போங்க. எல்லாம் வேண்டாம், அந்தப் பெரிய ஆனையோடது மட்டும் போதும். எட்டுல வெச்சுப்போட்டு நான் வாசப்படி தாண்ட மாட்டேன். ரெண்டுல வைங்க. அது செத்துப்போகலைங்க. ரெண்டு அடிதான் வாங்குச்சு. ஆறு மிச்சம் இருக்குது அதுக்கு. இன்னும் ஆறு இருக்குதுங்க.